கருடன் எப்போது சார் எரிந்தான்?

புனேயில் எங்கள் அலுவலகத்தில் போன மாதம் ஒரு கூட்டம். முந்தின வாரம்தான் எங்கள் தளத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மிச்சமிருந்த எங்களைத் தேற்ற மேடையேறிய பெரிய மனிதர், திரையில் நாலு பறவைகளைக் காட்டினார். பீனிக்ஸ், சீனாவின் ஃபெங்ஹுவாங், ஈரானின் சீமுர்க், அப்புறம் நம்ம கருடன். எல்லா நாட்டுக் கதையும் ஒன்றைத்தான் சொல்கிறதாம்: எரிந்து சாம்பலானாலும் எழுந்து பற!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருடன் எப்போது சார் எரிந்தான்? அடிமையாகிப்போன அம்மா வினதையை மீட்க, தேவர்களோடு சண்டை போட்டு அமுதம் கொண்டுவந்தவன் அவன். சாகாதவனுக்கு ஏது சாம்பல்?

ஃபெங்ஹுவாங்கும் எரிவதில்லை. நல்ல ஆட்சி நடந்தால்தான் அது கண்ணில் படும் என்பது சீன நம்பிக்கை. 'சீன பீனிக்ஸ்' என்பது ஆங்கிலத்தில் ஒட்டவைத்த பெயர். (நிர்வாகம் சரியில்லாத இடத்துக்கு அந்தப் பறவை வராது என்பதையும் மேடையில் சொல்லியிருக்கலாம்!)

சீமுர்க் விஷயம்தான் ரொம்ப சுவாரசியம். ஷாநாமாவில் அது மலையில் வீசப்பட்ட ஜால் என்ற குழந்தையை எடுத்து வளர்க்கிறது. பிரியும்போது தன் இறகைக் கொடுத்து, ஆபத்து வந்தால் எரி, நான் வருகிறேன் என்கிறது. எரிவது இறகு, பறவை அல்ல. 12ஆம் நூற்றாண்டில் அத்தார் எழுதிய 'பறவைகளின் மாநாடு' நூலிலும் சீமுர்க் வருகிறது. ஆனால் எரியும் பறவை அதே நூலில் தனியாக, குக்னூஸ் என்ற பெயரில் இருக்கிறது. அலகில் ஏகப்பட்ட துளைகள், ஆயிரம் வருட ஆயுள், கடைசியில் விறகு சேர்த்துத் தன்னையே எரித்துக்கொள்ளும். எந்த ஊர்ப் பறவை என்கிறார் தெரியுமா? ஹிந்துஸ்தான்! அந்தக் கதை அங்கே சொல்லப்படுவது சாவுக்குப் பயப்படும் ஒரு பறவைக்கு. ஆயிரம் வருடம் வாழ்ந்தாலும் போய்த்தான் ஆகவேண்டும் என்பது அதற்குக் கிடைக்கும் பதில். கைதட்டல் வாங்குகிற விஷயமா இது?

சரி, அசல் பீனிக்ஸாவது? கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எகிப்தில் கேட்டதாக எழுதியதில் நெருப்பே கிடையாது. அதெல்லாம் பின்னால், ரோமானியர் காலத்தில் சேர்ந்தது. அவர் சொல்லும் பறவை 500 வருடத்துக்கு ஒருமுறை, அப்பா செத்த பிறகு, அரேபியாவிலிருந்து ஹீலியோபோலிஸ் சூரியன் கோயிலுக்கு வருகிறது. முதலில் வெள்ளைப்போளத்தில் ஒரு முட்டை பிடிக்கிறது. தன்னால் சுமக்க முடிகிறதா என்று தூக்கிப் பறந்து பார்க்கிறது. பிறகு அதைக் குடைந்து, உள்ளே அப்பாவை வைத்து, வாயை அதே வெள்ளைப்போளத்தால் அடைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. எனக்கு நம்பிக்கையில்லை என்று ஹெரோடோட்டஸே சேர்த்துக்கொள்கிறார். இருக்கட்டும். நடுராத்திரியில் போன் வந்து, விடிவதற்குள் டிக்கெட் தேடி ஊருக்கு ஓடியவர்கள் நம்மில் எத்தனை பேர்! மூன்று வருடத்துக்கு முன் நானும் ஓடினேன். எடை பார்த்துத் தூக்கும் அந்தப் பிள்ளையைத் திரையில் ஒருவரும் காட்டுவதில்லை.

அன்றைய கூட்டத்தில் எரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அவர்களுடைய அடையாள அட்டைகளை முந்தின வாரமே வாங்கிவைத்துக்கொண்டார்கள். தீ வைத்தவர்தான் மைக்கைப் பிடித்து, எழுந்து பறப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கி.பி. 47இல் ரோமில் ஒரு பறவையைக் கொண்டுவந்து, இதுதான் பீனிக்ஸ் என்று பொது இடத்தில் காட்சிக்கு வைத்தார்களாம். அது போலி என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை என்கிறார் பிளினி. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். நானும்தான். வீட்டுக் கடன் இன்னும் 11 வருடம் இருக்கிறது.