மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு

தமிழில் எதற்கெடுத்தாலும் 'மன அழுத்தம்' என்று சொல்லிவிடுகிறோம். புராஜெக்ட் டெட்லைன் நெருங்கினால் மன அழுத்தம். ஒருவர் மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தாலும் அதே மன அழுத்தம். செய்திகளிலும் பெரும்பாலும் இரண்டுக்கும் இந்த ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் என்று இரண்டு சொற்கள் இருப்பதுபோல் தமிழிலும் இருக்கின்றன. டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்று பெயர். அந்தச் சொல்லை நாம் பேச்சில் எடுப்பதே இல்லை.

இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். இங்கிலாந்தில் நான் பார்த்த வரையில், நம்மாளுங்க பலர் உதவி கேட்காமலே வருஷங்களைத் தள்ளுவதற்கு இந்தக் குழப்பம் ஒரு முக்கியக் காரணம். மன அழுத்தம் என்றால் நம்மிடம் வைத்தியம் தயாராக இருக்கிறது. நாலு நாள் லீவு போடு, கோயிலுக்குப் போயிட்டு வா, யோகா பண்ணு, ஊருக்கு ஒரு டிரிப் அடி. சுமை இறங்கினால் அழுத்தமும் குறையும், உண்மைதான். மனச்சோர்வு சுமை இறங்கிய பிறகும் போகாது. ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டாலும் ருசி தெரியாது. திரும்பி வந்தவரிடம், "அதான் ஊருக்குப் போயிட்டு வந்தாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்கிறோம். அதற்கப்புறம் அவர் வாயே திறப்பதில்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே ஜி.பி.யிடம் போனால் பெரும்பாலும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாளைத் தருவார்கள். மொத்தம் 9 கேள்விகள், எல்லாமே கடந்த 2 வாரங்களைப் பற்றியவை. எதிலும் ஆர்வமில்லாமல் போனதா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்ததா, தூக்கம் கெட்டதா அல்லது அளவுக்கு மீறித் தூங்குகிறீர்களா, உடம்பில் தெம்பில்லையா, பசி மாறியதா, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தோன்றுகிறதா, கவனம் நிற்கவில்லையா, பேச்சும் நடையும் மந்தமாகிவிட்டதா அல்லது நிலைகொள்ளாமல் தவிக்கிறீர்களா, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 27. மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கவே வேண்டாம், உடனே பேச வேண்டும். இது முடிவான பரிசோதனை அல்ல. தைராய்டு குறைவும் பி12 குறைபாடும்கூட இதே மாதிரி காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள்.

'அழுகிறீர்களா' என்ற கேள்வி அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் சினிமாவில் மனசு உடைந்தவர் என்றால் தாடி வளர்த்து, ஷால் போர்த்தி, இருமிக்கொண்டு வருவார். நிஜத்தில் அவர் தினமும் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் சரியாகப் பதில் சொல்பவராக இருக்கலாம். கேமராவை மட்டும் ஆன் பண்ண மாட்டார். நம்மிடையே இது முதலில் உடம்பில்தான் பேசுகிறது: முதுகுவலி, தலை கனம், நெஞ்சு அடைப்பு, எப்போதும் அசதி. ஆண்களிடம் பல நேரம் எரிச்சலாக வரும். வீட்டில் "அப்பா மூடு சரியில்ல" என்று பிள்ளைகள் ஒதுங்கிப் போவார்கள். வேலையை விட்டுவிட்டு டிபென்டன்ட் விசாவில் வந்த பெண்களிடம் அதைக் கவனிக்க ஆளே இல்லை. கணவர் ஆபீஸ் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு விஷயம், இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. அம்மாவுக்கு டாக்டரிடம் மொழிபெயர்க்கப் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை போகும். அம்மா "மனசே சரியில்ல, எதிலயும் பிடிப்பில்ல" என்பார். பிள்ளை ஆங்கிலத்தில் 'களைப்பாக இருக்கிறதாம்' என்று சொல்லும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதுவார். பிள்ளை மேல் தப்பில்லை. ஆனால் பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் 'சாகணும்போல இருக்கு' என்று சொல்ல மாட்டார். என்.எச்.எஸ்.-ஸில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். வருபவர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்று பயந்தால், போன் வழியாக, வேறு ஊர்க்காரராக வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு ஜி.பி. சிபாரிசும் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் 'என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸ்' சேவைக்கு ஆன்லைனில் நாமே விண்ணப்பிக்கலாம். 2008-ல் தொடங்கிய இந்தச் சேவைக்கு 2023-ல்தான் இந்தப் பெயர் வைத்தார்கள். விண்ணப்பிப்பவர்களில் 75 சதவீதம் பேருக்கு 6 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. விசாவுக்காக ஆளுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டுகிறோமே, அதில் இதுவும் அடக்கம்.

அங்கே என்ன செய்வார்கள்? நம்ம என்ஜினீயர்களுக்குக் கவுன்சிலிங் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தில் சீட் கிடைத்த நாள்தான் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு, யாரோ உட்கார்ந்து அட்வைஸ் பண்ணுவது. இரண்டும் இல்லை. உதாரணத்துக்கு, சி.பி.டி. என்ற முறையில் உங்கள் எண்ணம், உடம்பு, செயல் மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று எழுதிப் பார்க்க வைப்பார்கள். 'மூடு வந்தால் நடக்கப் போவேன்' என்பதை மாற்றி, செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்குப் பத்து நிமிஷம் நடப்பது என்று குறித்துக்கொடுப்பார்கள். ஹோம்வொர்க் உண்டு. லேசான நிலையில், நோயாளி விரும்பினால் தவிர, மாத்திரையை முதல் சிகிச்சையாக வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதே இங்குள்ள 2022-ம் ஆண்டு வழிகாட்டுதல். தீவிரமானால் மாத்திரை தேவைப்படும். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா? விசாவுக்குப் பிரச்சினை வருமா?" நான் அதிகம் கேட்கும் கேள்விகள் இவைதான். உங்கள் அனுமதியில்லாமல் ஜி.பி. உங்கள் மருத்துவக் குறிப்பைக் கம்பெனிக்குத் தர முடியாது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தார் என்பதற்காக வேலை விசாவை ரத்து செய்யும் விதி எதுவும் இல்லை. நீண்ட நாள் நீடித்து அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் மனச்சோர்வுக்கு 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாதுகாப்பும் தருகிறது.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்துக்குத்தான் சட்டத்தில் பதில் இல்லை. அதை நாம்தான் மாற்ற வேண்டும். "நாங்கள் ஷெல்லடிக்குள்ள வாழ்ந்த ஆக்கள், உனக்கு இஞ்ச என்ன குறை?" என்று பிள்ளையிடம் கேட்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்டது பெரிய துயரம், மறுப்பதற்கில்லை. ஆனால் நோய் வரக் குறை இருந்தாக வேண்டும் என்றில்லை. அந்தப் பெற்றோரிடமும் இதுவரை யாரும் "உங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

நண்பர்களுக்குப் போன் போட்டால் "சாப்டியா?" என்று கேட்போம். நல்ல பழக்கம். கூடவே "தூங்குறியா? எதுலயாவது மனசு ஒட்டுதா?" என்றும் கேளுங்கள். 2 வாரத்துக்கு மேல் இல்லை என்றால், விண்ணப்பப் படிவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். சாகும் எண்ணம் இருப்பதாகச் சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்தினால் என்.எச்.எஸ். மனநலக் குழு பேசும். சமாரிட்டன்ஸ் எண் 116 123, இரவு பகல் எந்நேரமும் இலவசம். உயிருக்கு ஆபத்து என்றால் 999.