கரோனில்: ஆய்வு சொன்னதும் விளம்பரம் சொன்னதும்

புது தில்லி: கரோனா முதல் அலையின்போது, 2020 ஜூன் 23-ஆம் தேதி ஹரித்துவாரில் பதஞ்சலி நிறுவனம் "கரோனில்" மருந்தை அறிமுகப்படுத்தியது. அதை உட்கொண்டவர்கள் ஏழே நாள்களில் நூறு சதவீதம் குணமடைந்தனர் என்று பாபா ராம்தேவ் அறிவித்தார். மத்திய ஆயுஷ் அமைச்சகம் அன்றே விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி, ஆய்வு விவரங்களைக் கேட்டது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்து என்றே தங்களிடம் உரிமம் கோரப்பட்டது. விண்ணப்பத்தில் கரோனா என்ற பேச்சே இல்லை என்று உத்தரகண்ட் உரிம அதிகாரிகள் தெரிவித்தனர்.

அந்த "நூறு சதவீதம்" எங்கிருந்து வந்தது? ஜெய்ப்பூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நடைபெற்ற ஆய்வில் இறுதிவரை இருந்தவர்கள் 95 பேர். அவர்களில் 45 பேருக்கு மருந்தும், 50 பேருக்கு மருந்துபோல் தோன்றும் வெற்றுப் பொருளும் தரப்பட்டன. ஏழாம் நாளில் முதல் பிரிவில் அனைவரும், இரண்டாவது பிரிவில் 60 சதவீதத்தினரும் குணமடைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கூறுகிறது.

மருந்தே இல்லாமல் ஒரு வாரத்தில் பத்துக்கு ஆறு பேர் தேறியிருக்கிறார்கள் என்பதுதான் இங்கு கவனிக்க வேண்டியது. ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் நோய் அறிகுறி இல்லாதவர்கள் அல்லது லேசான அறிகுறி உள்ளவர்கள். மூச்சுத் திணறலுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர்களுக்கு இம்மருந்து உதவுமா என்ற கேள்வியை இந்த ஆய்வு தொடவே இல்லை. மேலும், 45 பேரில் ஒருவர்கூடத் தவறவில்லை என்றாலும், நூற்றுக்கு ஆறு, ஏழு பேருக்கு அம்மருந்து பலிக்காமல் போகும் வாய்ப்பைப் புள்ளியியல் கணக்குப்படி மறுக்க இயலாது. ஆய்வை நடத்தியவர்களே தங்கள் கட்டுரையை "முன்னோடிச் சோதனை" என்றுதான் குறிப்பிட்டுள்ளனர். பெரிய ஆய்வு ஒன்றுக்கு அது தொடக்கமாக இருந்திருக்கலாம். அதில் தவறில்லை. சித்தா, ஆயுர்வேத மருந்துகள் இப்படிச் சோதிக்கப்படுவது வரவேற்கத்தக்கதும்கூட.

ஆனால் நடந்தது வேறு. 2021 பிப்ரவரி 19-ஆம் தேதி தில்லியில், அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் ஹர்ஷ் வர்தன், மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஆகியோர் முன்னிலையில் கரோனில் மீண்டும் மேடையேறியது. உலக சுகாதார நிறுவனத்தின் விதிமுறைப்படி சான்றிதழ் பெற்றதாக மேடையில் பெரிய எழுத்தில் காட்டப்பட்டது. உண்மையில் அது, ஏற்றுமதிக்காக இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வழங்கும் சான்று. கரோனாவுக்கான எந்தப் பாரம்பரிய மருந்தின் செயல்திறனையும் தாங்கள் ஆராயவும் இல்லை, சான்றளிக்கவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அன்றே விளக்கமளிக்க நேர்ந்தது. அமைச்சர் தாமே ஒரு மருத்துவர் என்பதைச் சுட்டிக்காட்டி இந்திய மருத்துவச் சங்கம் கேள்வி எழுப்பியது.

முதல் அறிமுகம் நடந்த சில வாரங்களிலேயே சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கண்டித்திருந்தது. ஆலை இயந்திரங்களைச் சுத்தம் செய்யும் ரசாயனத்துக்காக 1993 முதல் "கரோனில்" என்ற பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த சென்னை நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கு அது. மக்களின் அச்சத்தைப் பயன்படுத்தி லாபம் தேடுவதாகக் கூறி, 2020 ஆகஸ்டில் தனி நீதிபதி ரூ. 10 லட்சம் செலவுத்தொகை விதித்தார். மேல்முறையீட்டில் டிவிஷன் பெஞ்ச் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வணிகப் பெயர் குறித்த வழக்கு என்பதால், மருந்து பலிக்குமா என்பது அங்கு முடிவாகும் விஷயமாக இருக்கவில்லை.

கரோனில் கரோனாவைக் குணப்படுத்தும் என்ற பதிவுகளை மூன்று நாள்களுக்குள் நீக்குமாறு 2024 ஜூலை 29-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மருத்துவர் சங்கங்கள் வழக்கு தொடுத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தில், ஹரியாணா அரசு ஒரு லட்சம் கரோனில் பெட்டிகளை நோயாளிகளுக்கு இலவசமாக வழங்குவதாக அறிவித்தது. செலவில் பாதி, மாநிலத்தின் கரோனா நிவாரண நிதியிலிருந்து.