கம்பளிப்பூச்சி நூலும் சித்திரை வெயிலும்

கடையில் "உல்லன் நூல்" என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் ஆட்டு ரோமம் பேருக்குக்கூட ஒரு இழை இருக்காது. தோரணத்துக்கும் டி.வி. மேல் போடும் விரிப்புக்கும் நம்ம வீட்டுப் பெண்கள் வாங்குற அந்தக் கலர் கலர் உருண்டை பெரும்பாலும் அக்ரிலிக். லூதியானா பக்கத்து மில்லில் இருந்து வருவது. இப்போது சில வருஷமாக அதுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. வெல்வெட் நூல், பேபி நூல், செனில் நூல்னு ஆளுக்கொரு பேர். தொட்டால் பூனைக்குட்டி முதுகு மாதிரி இருக்கும். அது நூற்றுக்கு நூறு பாலியஸ்டர்.

குச்சிக்கிழங்கும் கடலைக்காயும் போடுறவனுக்கு இந்த நூல்ல என்ன வேலைன்னு கேட்பீங்க. என் தங்கச்சி மகள் குரோஷா பின்னுகிறாள். காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திவிட்டு வந்து, மத்தியானம் திண்ணையில் கொக்கி ஊசியோடு உட்கார்ந்தால் சாயந்திரம் ஒரு முயலோ ஆமையோ பிறந்திருக்கும். வாங்குறவர்கள் எல்லாம் சென்னை, பெங்களூரு. அதாவது உங்களை மாதிரி ஆட்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் கம்பளிக் கதையை முடித்துவிடலாம். சேலம் மாவட்டத்துக்குன்னு பேர் சொல்ல ஒரு ஆடு உண்டு, மேச்சேரி ஆடு. பொட்டனேரியில் அதுக்காகவே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செம்பழுப்பு நிறம், உடம்போடு ஒட்டின குட்டை முடி. கறிக்கும் தோலுக்கும் பேர் போன ஆடு. கம்பளிக்கு ஒரு பிடி மயிர் கிடைக்காது. இந்த வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு மேய முடியாதுன்னு அந்த ஆட்டுக்கே தெரிந்திருக்கிறது. ரோமம் தருகிற ஆடு என்று பார்த்தால் திருச்சி கறுப்பு ஆடும் கோயமுத்தூர்ப் பக்கத்துக் குரும்பை ஆடும்தான். அந்த ரோமம் முரடு. எங்க அப்பாரு ராத்திரிக் காவலுக்குப் போகும்போது மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொள்வாரே, அந்தக் கருங்கம்பளி அதில் நெய்ததுதான். மழைத்தண்ணி உள்ளே இறங்காது, முள்ளுக்குக் கிழியாது. ஆனால் கன்னத்தில் உரசினால் அன்னிக்குப் பூரா அரிக்கும். ஆக, மெதுவான கம்பளி என்கிற சங்கதி நம்ம சமவெளியில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மெதுவாக வேண்டும் என்றால் நமக்குப் பருத்தி. பழுக்கப் பழுக்கத் துவைத்த வேட்டித் துணியில்தான் இங்கே எல்லாக் குழந்தையும் தூளியில் கிடந்தது.

சரி, செனில். பிரெஞ்சு பாஷையில் செனில் என்றால் கம்பளிப்பூச்சியாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் பூச்சியின் பேரை நூலுக்கு வைத்தார்கள், நாம் கம்பளியின் பேரைப் பூச்சிக்கு வைத்தோம். முதல் மழைக்குப் பிறகு கடலைக்காட்டில் செங்கம்பளிப்புழு இறங்கினால் என்ன ஆகும்னு மானாவாரிக்காரனைக் கேட்டுப் பாருங்க. அந்தப் புழுவை வைத்தே இந்த நூலையும் விளக்கிவிடலாம். நடுவில் இரண்டு மெல்லிய இழை முறுக்கு. அந்த முறுக்குக்குள் குட்டைக் குட்டையாக வெட்டின முடிகள் சுற்றிலும் சிலிர்த்து நிற்கும். மெத்து மெத்துன்னு இருக்கிறது அந்த முடி. தாங்குகிறது உள்ளே இருக்கிற முறுக்கு.

இதைப் புரிந்துகொண்டால் எதில் போடலாம், எதில் கூடாதுன்னு பாதி விளங்கிவிடும். தப்பாகப் பின்னிவிட்டு இரண்டு மூன்று தடவை பிரித்தீர்களென்றால் முடி உதிர்ந்து நடு இழை மட்டும் எலும்பாகத் தெரியும். பின்னலின் கண்ணும் வெளியே தெரியாது. விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். குரோஷா கற்றுக்கொள்கிற முதல் மாசமே ஆசையாக இதை வாங்கிவிட்டு, "எனக்கு வராதுங்க" என்று ஊசியைத் தூக்கிப் போட்ட பெண்கள் எங்க ஊரிலேயே இரண்டு பேர். அவர்களுக்கு வராமல் இல்லை, நூல் அப்படி. முதலில் வெளிர் நிறத்தில் சாதா பருத்தி நூல், இல்லாவிட்டால் அக்ரிலிக். கண் எண்ணக் கை பழகின பிறகு வெல்வெட்டுக்குப் போகலாம்.

வாங்கும்போது ஒரு உருண்டையைக் கையில் எடுத்து, தலைப்பு இழையை இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்திப் பிடித்து ஒரு சாண் நீளம் உருவிப் பாருங்க. விரலில் பஞ்சு பஞ்சாக ஒட்டினால் வைத்துவிட்டு வாங்க. முறுக்கு இறுகியிருந்தால் ஒன்றிரண்டு முடிதான் வரும். ஊசி எத்தனை மில்லிமீட்டர் என்று மேலே சுற்றின பட்டைச் சீட்டில் போட்டிருக்கும். பொம்மைக்கு அதைவிட ஒரு அளவு குறைத்தால் பின்னல் நெருக்கமாக வந்து, உள்ளே திணித்த பஞ்சு எட்டிப் பார்க்காது. சாய எண்ணும் சீட்டிலேயே இருக்கும். ஒரு வேலைக்குத் தேவையான எல்லா உருண்டையும் ஒரே எண்ணில் வாங்கிவிடணும். முயலின் ஒரு காது வெளிறி ஒரு காது கறுத்து நின்றால் வாங்கினவர் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்.

"பருத்திக்காட்டுக்காரன் பாலியஸ்டரைத் திட்டத்தானே செய்வான்" என்று நினைக்காதீங்க. நான் திட்டவில்லை. எங்கம்மா முப்பது வருஷம் களையெடுத்தது பாலியஸ்டர் சேலையில்தான். துவைத்துப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம், சாயம் போகாது, அஞ்சு வருஷமானாலும் இற்றுப்போகாது. இளம்பிள்ளையும் பள்ளிபாளையமும் குமாரபாளையமும் தறிச்சத்தம் கேட்டே பிழைக்கிற ஊர்கள். அந்தத் தறியில் ஓடுவது எல்லாம் பருத்தி என்று யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி மட்டும் ரொம்ப யோக்கியமும் இல்லை. அதற்குச் சாயம் ஏற்றிய தண்ணி திருமணிமுத்தாற்றில் என்ன நிறத்தில் ஓடியதுன்னு பார்த்தவர்கள் நாங்கள். பாலியஸ்டர் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழை தண்ணியில் போகிறது என்பதும் நிஜம்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை துவைக்கிற பொம்மையையும் தினம் துவைக்கிற சட்டையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

பொம்மைக்கு, பைக்கு, சோபா தலையணை உறைக்கு இந்த நூல் சரி. மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காது, சுருங்காது. பொம்மைக்கு வியர்க்கவா போகிறது?

வியர்க்கிறவர்களுக்குத்தான் வம்பு. 100 கிராம் காய்ந்த பருத்தி, சும்மா காற்றில் இருந்தே 8 கிராம் அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆட்டுக் கம்பளி அதைப்போல இரண்டு பங்கு. பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. மெதுவாக இருக்கிறது என்று விரல் சொல்வதற்கும், இந்த ஊர்ச் சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தோல் சொல்வதற்கும் அவ்வளவு வித்தியாசம். மாட்டுக்காரனுக்கு இது புதுசே இல்லை. நைலான் கயிறு வழவழன்னு இருக்கும், விலையும் குறைச்சல். ஆனால் மூக்கணாங்கயிறு குத்தும்போது பருத்தி நூல் கயிறுதான் தேடுவோம். வழவழப்பு நம்ம கைக்கு, புண்ணு மாட்டு மூக்குக்கு.

போன வருஷம் பங்குனியில் தங்கச்சி மகளுக்கு ஒரு ஆர்டர் வந்தது. ஒரு குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷம், வைகாசியில். வருகிறவர்களின் குழந்தைகளுக்குக் கொடுக்க 40 குல்லாய், வெல்வெட் நூலில்தான் வேணும். ஒன்று 180 ரூபாய். 7,200 ரூபாய் என்பது அவளுக்கு இரண்டு மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் ஒரு மாசத்துக்கு.

"மாமா, நான் என்னங்க சொல்றது? அவங்க கேட்டதைத் தானுங்க நான் செய்யோணும்" என்றாள்.

"செய் கண்ணு. ஆனா ஒண்ணை வெல்வெட்லயும் ஒண்ணைப் பருத்தியிலயும் பின்னி முதல்ல அனுப்பு. போட்டுப் பார்த்துட்டுச் சொல்லச் சொல்லு" என்றேன்.

காரணம் வியர்க்குரு மட்டும் இல்லை. பச்சைக்குழந்தைக்குத் தலைதான் சூட்டை வெளியே விடுகிற வழி; வீட்டுக்குள்ளே தூங்குகிற குழந்தைக்குத் தொப்பி வேண்டாம் என்றே குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். அதை மூச்சு விடாத நூலால் மூடினால்? இன்னொன்று நெருப்பு. நம்ம பக்கத்தில் குழந்தையைக் குளிப்பாட்டின கையோடு சாம்பிராணி காட்டுகிறோம். தணலுக்கு ஒரு முழம் மேலே குழந்தையின் தலை. பருத்தியும் எரியும்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனால் பாலியஸ்டர் உருகும். உருகினது தோலில் ஒட்டிக்கொண்டு வரவே வராது. விறகடுப்பில் நின்று சமைக்கிற பெண்கள் பாலியஸ்டர் சேலை கட்டாதீங்கன்னு சொல்வதும் இதற்காகத்தான்.

அந்த அம்மா இரண்டு குல்லாயையும் வாங்கிப் பார்த்துவிட்டு, பருத்தி "கொஞ்சம் விறைப்பா இருக்கே" என்றார்கள். இவள் இரண்டு தடவை துவைத்துவிட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். நாலு நாள் பேச்சே இல்லை. இங்கே இவளுக்கு முகம் தொங்கிப்போச்சு. அப்புறம் 25 குல்லாய் பருத்தியில் சொன்னார்கள். மிச்சம் 15 குழந்தைக்கு வேறு ஏதோ கடைச் சாமான் வாங்கிக்கொண்டார்களாம். 2,700 ரூபாய் நட்டம்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

பருத்தியில் பின்னச் சொன்னதில் எனக்குச் சொந்த லாபம் இருக்குமோ என்று கணக்குப் பார்த்தேன். 2025-26க்கு நீண்ட இழைப் பருத்திக்கு அரசாங்கம் சொன்ன ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். கொட்டையோடு இருக்கிற பருத்தியில் பஞ்சு சுமாராக மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் 100 கிராம் நூலுக்கு 300 கிராம் பருத்தி; காட்டுக்காரனுக்கு 24 ரூபாய். கொங்கணாபுரம் ஏலத்தில் இதற்கு மேலும் போகும், கீழும் போகும். அதே 100 கிராம் குரோஷா நூல் உருண்டை கடையில் நூறு ரூபாய்க்கு மேல். விதை, களை, மருந்து, எடுப்புக்கூலி எல்லாம் அந்த 24க்குள்தான். ஆகவே இதில் எனக்கு ஒன்றும் கொட்டவில்லை.

காசு யாருக்குப் போய்ச் சேரணும் என்றால், பின்னுகிற கைக்கு. திருப்பூரில் பனியன் துணி பின்னுகிறது மெஷின்; அது நிட்டிங். குரோஷாவை அப்படிப் பின்ன மெஷின் கிடையாது. நிஜமான குரோஷா என்றால் எந்த நாட்டில் செய்தாலும் ஒரு ஆள், ஒரு கொக்கி, ஒவ்வொரு கண்ணாக. ஆக, பெரிய கடையில் குரோஷா மேல்சட்டை முந்நூறு ரூபாய்க்குத் தொங்கினால், விலை குறைந்தது மெஷினால் இல்லை. எங்கேயோ ஒருத்தியின் கூலியில் கை வைத்திருக்கிறார்கள். ஆந்திராவில் நர்சாபூர் பெண்கள் நூறு வருஷத்துக்கு மேல் குரோஷா லேஸ் பின்னி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மரியா மீஸ் என்கிற ஜெர்மன் அம்மா அங்கே வந்து ஆராய்ந்து 1982ல் ஒரு புத்தகம் போட்டார். நாள் முழுக்கப் பின்னுகிற அந்தப் பெண்களைத் தொழிலாளி என்று யாரும் எண்ணவில்லை, "வீட்டில் சும்மா இருக்கிறவர்கள், பொழுதுபோக்குக்குச் செய்கிறார்கள்" என்று சொல்லியே கூலியை அமுக்கினார்கள் என்பது அவர் கண்டது. எங்க வீட்டுத் திண்ணையிலும் அதே பேச்சுத்தான். "சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல பின்றதுதானே, அம்பது ரூபா குறைச்சுக்கோ" என்று போனில் கேட்கிறார்கள். பால் கறக்கிற ஆளிடம் "சும்மா உக்காந்துதானே கறக்கறே" என்று கேட்பீர்களா?

வெல்வெட் நூலில் அவள் ஆசை வைக்கிறதுக்குக் காரணமும் இந்தக் கூலிக் கணக்குத்தான். நூல் தடிமன் என்பதால் வேகமாக வளரும். ஒரு முயல் மூன்று மணி நேரம். அதே அளவுப் பருத்தி முயல் ஆறு மணி நேரம் இழுக்கும், விலையோ ஐம்பது ரூபாய்தான் கூடக் கிடைக்கும். அவள் வெல்வெட்டை விடக் கூடாது. பொம்மைக்கு அதையே பின்னட்டும். கண்ணுக்கு மட்டும் மணியோ பொத்தானோ வைக்காமல் நூலிலேயே தைக்கச் சொல்லியிருக்கிறேன், குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

நீங்கள் வாங்குகிறவர் என்றால் ஒரு சோதனை இருக்கிறது. உருண்டைச் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் ஒரு விரல்கடை நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணிக் கிண்ணத்துக்கு மேலே பற்ற வையுங்க. காகிதம் எரிகிற வாடை வந்து, தொட்டால் பொடியாகிற சாம்பல் விழுந்தால் பருத்தி. மயிர் பொசுங்குகிற நாற்றம் என்றால் ஆட்டுக் கம்பளி. தீயைக் கண்டதும் சுருண்டு ஓடி, கறுப்புப் புகை விட்டு, முனையில் கெட்டியாக ஒரு குண்டுமணி நின்றால் பாலியஸ்டர். அக்ரிலிக்கும் இப்படிக் கட்டிதான் ஆகும், ஆனால் வாடை மூக்கைக் குத்தும், கட்டி கோணல்மாணலாக இருக்கும். போன மாசம் "சுத்த பேபி உல்லன்" என்று ஒரு கடைக்காரர் இவளிடம் கிலோ கணக்கில் தள்ளப் பார்த்தாராம். இவள் பையில் இருந்து தீப்பெட்டியை எடுத்திருக்கிறாள். அவர் அவசரமாக, "அது மிக்ஸிங்மா" என்று உருண்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.