ரேழியில் உறுமும் வண்டி

எங்கள் வீட்டில் காலை ஏழரைக்கு ஒரு கச்சேரி நடக்கும். இவர் மோட்டார் சைக்கிளை ரேழியிலேயே ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் உறும விடுவார். கேட்டால், "இன்ஜின் சூடாகணும்டி" என்பார். பக்கத்துக் கூடத்தில்தான் குழந்தையின் தூளி.

எட்டு மணிக்கு எனக்குத் தலைவலி வந்துவிடும். காபி போதவில்லையாக்கும் என்று இன்னொரு டம்ளர் குடிப்பேன்! ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வராததைக் கவனித்த பிறகுதான் சந்தேகம் தட்டியது.

டாக்டரம்மா விளக்கினார். வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தை இது பிடித்துக்கொள்ளும். ஹீமோகுளோபினோடு 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டுமாம். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். மூடிய இடமென்றால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் சீக்கிரம் தாக்கும். ஜில்லென்ற இன்ஜினில், அதுவும் சோக் இழுத்திருந்தால், இந்த வாயு அதிகம் வரும்.

மெக்கானிக்கிடம் நானே கேட்டேன். "அஞ்சு நிமிஷமா? அரை நிமிஷம் போதும்மா, ஆயில் மேலே ஏறிடும். சோக் வச்ச பழைய வண்டின்னா ஒரு நிமிஷம். அப்புறம் ஒரு கிலோமீட்டர் முறுக்காம ஓட்டினா தானே சூடாயிடும்" என்றார். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் சோக்கே கிடையாதாம்.

இப்போது இவர் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிப் போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறார், கொஞ்சம் முணுமுணுப்போடு. எதிர்வீட்டு மாமி ஜன்னலைச் சாத்துகிறார். அரை நிமிஷந்தான் மாமி!