புட்டிக்கும் பூணூலா?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சென்றோம். காப்பித் தோட்டம் ஒருபுறம், மிளகுக்கொடி மறுபுறம். ஏரிக்கரையிலோ இளைஞர் கூட்டம். அவர்களில் ஒருவர் நம்மிடம் பயின்ற தம்பி, கையிலே புட்டி! நம்மைக் கண்டு நாணினாரா? இல்லை. நகைத்தபடியே சொன்னார்: "பீர்தானே ஐயா! இது மது அல்லவே!"

தோழர்களே, பல்லி சொல்லுக்குப் பலன் பாராத தம்பி, புட்டி சொல்லும் பொய்யை நம்புகிறார்! நம்பலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய பீர்ப் புட்டியின் கொள்ளளவு 650 மில்லி லிட்டர். 'ஸ்ட்ராங்' வகையிலே ஆல்ககால் நூற்றுக்கு 8 வரை உண்டு. ஆக 52 மில்லி லிட்டர். நம் நாட்டு விஸ்கியிலே நூற்றுக்கு 42.8. அறுபது மில்லி லிட்டர் வீதம் இருமுறை ஊற்றினாலும் ஏறத்தாழ 51தான்! இந்நாட்டில் விற்கும் பீரிலே பெரும்பகுதி இந்த 'ஸ்ட்ராங்' வகையே.

"மென்மையான பீரும் உண்டே!" என்பர். உண்டு. நூற்றுக்கு 5 என்றாலும், பெரிய புட்டிக்கு 32 மில்லி லிட்டர் ஆல்ககால் உள்ளே இறங்குகிறதே! மதுவகைகள் புற்றுநோயை உண்டாக்குவன என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இலேயே முடிவு கூறிற்று. அந்தப் பட்டியலிலே பீருக்கு விலக்கு இல்லை.

பின், இந்த மயக்கம் எங்கிருந்து வந்தது? கடவுளுக்கு வாகனம் தந்தவர் உண்டு; பீருக்கும் தந்துவிட்டனர்! 1978இல் கிங்ஃபிஷர் மீன்கொத்தியோடு வந்தது. 2015இல் பீரா 91 குரங்கோடு வந்தது. கோதுமை பீர், பழமணப் பீர், பெங்களூரிலே கண்ணெதிரே வடித்துத் தரும் பீர்! அவதாரம் பத்தோடு நிற்கவில்லை. வேடம் பல, உள்ளிருப்பது ஒன்றே.

இதே சேலம் மாவட்டத்திலேதான் 1937 அக்டோபர் முதல் நாள் இராசாசி அமைச்சரவை மதுவிலக்கைத் தொடங்கிற்று. இன்றோ அரசின் டாஸ்மாக் கடை பீர் விற்கிறது; கள்ளுக்கு 1987 முதல் தடை! கள்ளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. கேட்பது ஒன்றே: கள்ளின் போதையும் மென் பீரின் போதையும் ஏறத்தாழ ஒரே அளவினதாயிருக்க, பனையடியில் குடிப்பவன் குற்றவாளி, பளிங்கு மேசையில் குடிப்பவன் நாகரிகனா? மனிதனை உயர்ந்தவன், தாழ்ந்தவன் என்று பிரித்த அதே சூது, பானத்திலும் புகுந்துவிட்டது. பீர் மேற்சாதி, கள் கீழ்ச்சாதி! புட்டிக்கும் பூணூல் மாட்டிவிட்டார்கள்!

அன்று ஏரிக்கரையிலே இந்தக் கணக்கைத் தம்பியிடம் சொன்னோம். புட்டியைத் திருப்பினார், பொடி எழுத்தைப் படித்தார், எட்டு என்ற எண்ணைக் கண்டார். நகைப்பு நின்றது.

அதுதான் பகுத்தறிவின் முதற்படி. கோயில் வாயிலிலே மட்டுமன்று, கடை வாயிலிலும் கேளுங்கள்: ஏன்? எதற்கு? எவ்வளவு? குடிப்பதும் விடுப்பதும் உங்கள் முடிவு. ஆனால், மது அல்ல என்று மட்டும் சொல்லாதீர்கள். அறிந்து சொல்லும் பொய், அறியாமையினும் இழிவு!