ஸ்பிரிங்கை அறுக்காதீர்கள்

"ஒரு சுத்து அறுத்து விட்டா போதும்ணே, வண்டி ரோட்டோட ஒட்டிக்கிட்டு ஓடும்." திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரில் திருப்பதி சாலையோரப் பட்டறை ஒன்றில் இதைச் சொன்ன தம்பிக்கு இருபது வயது இருக்கும். மாமாவிடம் வாங்கிய பழைய எஸ்டீமைத் தாழ்த்த வந்திருந்தான். கையில் காசு குறைவு. அவன் சொன்னதை இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் நானும் நம்பினேன்.

என் வண்டி லான்சர். 1998-இல் இதே திருவள்ளூர் ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷியோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கார். அதன் முன்பக்க ஸ்பிரிங்குகளை ஒரு பட்டறையில் கேஸ் கட்டர் வைத்து அறுத்துக் கொடுத்தார்கள். தீ பட்ட இடம் நீலம் பாரித்திருந்தது. ஆறு மாதத்தில் இடப்பக்கம் ஒரு விரற்கடை அதிகமாக இறங்கிவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் இடத்தில் உட்காரவில்லை, கையால் திருப்பினால் சுற்றியது. பம்ப் ஸ்டாப் ரப்பர் தூளாக உதிர்ந்தது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பிக் கிடந்தது.

ஸ்பிரிங் எஃகுக்கு வலு தருவது அதற்கு ஏற்றிய பதம். தீயில் காட்டினால் அந்தப் பதம் போய்விடும். "அதான் கட்டிங் வீல்ல சூடேறாம அறுக்கிறோமே, அறுத்தா ஸ்பிரிங் இன்னும் விறைப்பாத்தானே ஆகுது?" என்பார்கள். விறைப்பாகும் என்பது உண்மை. எவ்வளவு என்றுதான் யாரும் கேட்பதில்லை. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் 20 சதவீதம் கூடும். ஆனால் வண்டி தாழ்ந்ததால் சக்கரம் மேலே ஏற இருந்த இடம் பாதியாகிவிட்டது என்று வையுங்கள். ஸ்பிரிங் வாங்கும் அடி, அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதித் தூரத்தில் அதே அடியைத் தாங்க நான்கு மடங்கு விறைப்பு வேண்டும். நமக்குக் கிடைத்ததோ 1.2 மடங்கு. மிச்ச அடி முழுக்க பம்ப் ஸ்டாப்பிலும் பாடியிலும்தான் இறங்கும்.

இன்று திருவள்ளூரில் தயாராகும் சிட்ரோயனைப் பாருங்கள். சி5 ஏர்கிராஸின் ஷாக் அப்சார்பருக்குள், கடைசி நேர இடியைத் தாங்கவென்றே தனியாக ஹைட்ராலிக் தடுப்பு வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் காசு கொட்டிக் காக்கும் அந்தக் கடைசித் தூரத்தைத்தான் நாம் அறுத்துக் காயலான் கடையில் போடுகிறோம்.

தாழ்ந்தால் வளைவில் சாயாது என்பது இன்னொரு நம்பிக்கை. லான்சர், எஸ்டீம் இரண்டிலும் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் லோயர் ஆர்மின் சக்கரப் பக்க முனை மேலேறிவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, பாரத்தின் மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் சாய்வும் கூடத்தான் செய்யும். கேம்பர் மாறி டயரின் உள்ஓரம் தேய்வது வேறு.

சாலையையும் சொல்ல வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கானது. நம் கிராமத்துத் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் போடுகிற மேடுகளுக்கு அந்த அளவெல்லாம் கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பாரமேற்றிய லாரிகள் தோண்டிப் போட்ட பள்ளங்களில் தாழ்த்திய வண்டியின் ஆயில் சேம்பர் அடிபட்டால், ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்த காசு எஞ்சின் வேலைக்கே போதாது.

காசு குறைவாக இருப்பவன்தான் முறையாகச் செலவழிக்க வேண்டும். பழைய வண்டி லொடலொடவென ஆடுவது உயரத்தால் அல்ல, தேய்மானத்தால். முதலில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டாப் மவுன்ட், புது ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட். இவ்வளவு செய்தாலே பலருக்குத் தாழ்த்தும் ஆசை போய்விடும். போகவில்லை என்றால் அந்த மாடலுக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்கும் அதற்கேற்ற பம்ப் ஸ்டாப்பும் வாங்கி, 25, 30 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பம்பர் வாங்கலாம், கதவு வாங்கலாம். பழைய ஷாக் அப்சார்பர் மட்டும் வேண்டவே வேண்டாம். மலிவு காயில்ஓவரும் அப்படித்தான்; உயரத்தைத் திருகி மாற்றும் மரை இருக்கும், உள்ளே நல்ல டேம்பிங் இருக்காது.

அந்தத் தம்பியை எஸ்டீமுக்கு அடியில் படுக்கச் சொல்லி, லோயர் ஆர்ம் புஷ்ஷில் லிவரைக் கொடுத்து நெம்பினேன். ரப்பர் வாய் பிளந்தது. "இவ்ளோ ஆடுதாண்ணே?" என்று எழுந்தவன், கட்டிங் மிஷினோடு காத்திருந்த மெக்கானிக்கிடம் புஷ் என்ன விலை என்று கேட்டான்.