பல்லுக்குக் கம்பி போடுமுன்

நமக்கு வந்துள்ள கடிதங்களில் ஒன்று ஒரு தாயார் எழுதியது. அவருடைய புதல்விக்கு வயது 13. மேல் வரிசை முன்பற்கள் சற்று எடுப்பாக இருக்கின்றன; கீழ் வரிசையிலோ இடம் போதாமல் இரண்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பல் வைத்தியரிடம் சென்றபோது, உலோகக் கிளிப்பு, பீங்கான் கிளிப்பு, கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற உறை என மூன்று தினுசுகளைக் காட்டி, "எது வேண்டும்?" என்று கேட்டாராம். வீட்டிலுள்ள பாட்டியாரோ, "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும், கல்யாணம் நிச்சயமாகட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்கிறாராம். மூன்றில் எது சிலாக்கியம் என்பது அந்தச் சகோதரியின் கேள்வி.

கேள்வி நியாயமானதே. ஆயினும் இது புடவைக் கடையில் நிறம் பார்த்து எடுப்பது போன்ற விஷயம் அன்று. எந்தக் கம்பி என்பது கடைசியில் எழ வேண்டிய வினா. பல் எவ்விதம் நகர்கிறது, அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும், எந்த வயதில் தொடங்குவது என்பவற்றை அறிந்து கொண்டால், கம்பியைப் பற்றிய வினாவுக்கு விடை பெரும்பாலும் தானே வந்துவிடும்.

பாட்டியாரின் அச்சத்தை முதலில் கவனிப்போம். மேல் பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு. கண்ணிலிருந்து காட்சியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை. பல் ஆட்டம் காணும் வயதும் கண்ணில் புரை விழும் வயதும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பதால் இந்த நம்பிக்கை பிறந்திருக்கலாம். ஆனால், பல்லை எடுக்கவே கூடாது என்ற கட்சியை வெறும் பாட்டிக் கதை என்றும் தள்ளிவிட முடியாது. இந்தத் துறைக்கே தந்தை என்று போற்றப்படும் அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள், 1899-ல் பற்களின் கடி முறையை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டியவர். 1900-ல் செயின்ட் லூயி நகரில் இதற்கென்றே ஒரு பள்ளியையும் தொடங்கினார். இயற்கை கொடுத்த பற்கள் அனைத்தும் வாயில் இருந்தே தீர வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய மாணாக்கர்களுள் ஒருவரான சார்லஸ் ட்வீட், குருவின் முறைப்படி சிகிச்சை செய்த பலருக்குப் பற்கள் மீண்டும் எடுத்துக் கொண்டதைக் கண்டு, முன்கடைவாய்ப் பற்களை அகற்றி மறுபடியும் சிகிச்சை செய்தார். 1940-ஐ ஒட்டி அவர் அவற்றை நிபுணர்கள் முன் வைத்தபோது எழுந்த விவாதம் எளிதில் அடங்கவில்லை. இன்றைய நிபுணர்கள் இரு கட்சியிலும் சேராமல், தாடையின் அளவையும் பற்களின் அளவையும் முகத்தின் அமைப்பையும் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். ஆகவே, "நான்கு பல்லை எடுக்க வேண்டும்" என்று வைத்தியர் சொன்னால் பயப்பட வேண்டாம். ஏன் என்று கேளுங்கள். அளவுகளைக் காட்டி விளங்கச் சொல்பவரே தக்கவர்.

இனிப் பல் நகரும் விதம். சுவரில் ஆணி அறைந்தாற்போலப் பல் எலும்பில் பதிந்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல் அதில் தொங்கிக் கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். கம்பி பல்லை ஒரு பக்கமாக மெல்லத் தள்ளும்போது, அழுத்தப்படும் பக்கத்து எலும்பைச் சில உயிரணுக்கள் கரைக்கின்றன. இழுபடும் பக்கத்தில் வேறு உயிரணுக்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. பல் நகர்வதென்றால், அதன் வீட்டையே ஒரு பக்கம் இடித்து மறுபக்கம் கட்டிக் கொண்டு நகர்வதாகும். இந்த வேலை மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்திலேதான் நடைபெறும். அதிகமாக முறுக்கினால் விரைவாக நகரும் என்று எண்ணுவது தவறு. அழுத்தம் மிகுந்தால் அந்தப் படலத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு வேலை நின்றுபோகும். வேரின் நுனியும் கரைந்து குட்டையாகக் கூடும். கரைந்த வேர் மறுபடி வளராது.

இதனாலேதான், "கல்யாணம் நிச்சயமாகட்டும்" என்ற பேச்சு நமக்குக் கவலை தருகிறது. நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே நாலு மாதம், ஆறு மாதம் என்று நாள் குறித்து, அதற்குள் பல்லை உள்ளே தள்ளித் தரும்படி வைத்தியரை நெருக்கும் குடும்பங்கள் உண்டு. சாதாரணமாக இச்சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் பிடிக்கும்; சிக்கலானால் அதற்கு மேலும் ஆகும். மாப்பிள்ளை வீட்டாரின் அவசரத்துக்காக எலும்பு விரைந்து கரைந்து கொடுக்காது. அவசரத்துக்கு இணங்கும் வைத்தியர் கிடைத்தாலோ, பெண்ணின் பல் வேருக்கு ஆபத்து. சிலர் பல்லைச் சீராக்க நேரமில்லை என்று நல்ல பற்களை அராவி, மேலே பீங்கான் மூடி போட்டுக் கொள்கிறார்கள். அராவிய பல் ஆயுள் முழுதும் அராவிய பல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு மட்டும் கம்பி போட்டு, பையனுக்கு "ஆண்பிள்ளைதானே" என்று விட்டுவிடும் வழக்கம் நம்மவரிடையே இருக்கிறது. எடுப்பான முன்பல் உள்ள குழந்தைகள் கீழே விழுந்தால் பல் உடைவது அதிகம். அதிகம் விழுவதும் பையன்களே. அழகு என்பதை விட்டுக் கணக்குப் பார்த்தால், கம்பி முதலில் யாருக்குப் போட வேண்டியிருக்கும் என்று பெற்றோர் யோசிக்கட்டும்.

எந்த வயது? ஏழாம் வயதில் ஒரு முறை காட்டிவிட வேண்டும் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் சங்கம் கூறுகிறது. அந்த வயதிலேயே கம்பி போடுவதற்கு அன்று. விரல் சூப்புதல், வாயால் மூச்சு விடுதல், தாடை வளர்ச்சிக் குறை போன்றவற்றை முன்னதாகவே கண்டுகொள்வதற்காக. கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், குழந்தை வளரும் பருவத்திலேயே அதற்கான கருவிகள் பலன் தரும். வளர்ச்சி முடிந்தபின் தாடையைத் திருத்த அறுவைச் சிகிச்சையே தேவைப்படலாம். இதற்கு நேர்மாறாக, எட்டு ஒன்பது வயதில் மேல் முன்பற்களுக்கிடையே சந்து விழுந்து, பற்கள் விசிறிபோல் விரிந்திருப்பதைக் கண்டு பதறும் தாய்மாரும் உண்டு. மேல்நாட்டார் இதனை அவலட்சண வாத்துக்குஞ்சுப் பருவம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கோரைப்பற்கள் முளைத்து இறங்கியதும் அந்தச் சந்து பெரும்பாலும் தானே மூடிக் கொள்ளும். பொதுவாகக் கம்பி போடும் வயது 11 முதல் 14 வரை. வயது வந்தவர்களுக்கும் போடலாம். ஈறும் எலும்பும் ஆரோக்கியமாயிருக்க வேண்டும், அவ்வளவே.

யாரிடம் போவது என்பதிலும் கவனம் தேவை. டாக்டர் ஆர். அகமது 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய நாள் எங்கே, இன்று எங்கே! பி.டி.எஸ். பட்டத்துக்குமேல் மூன்றாண்டு பல் சீரமைப்பையே படித்து எம்.டி.எஸ். பெற்றவர்கள் இப்போது சிறு நகரங்களிலும் இருக்கிறார்கள். பணவசதி குறைந்தவர்கள் சென்னையில் 1953-ல் ஏற்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரியைப் போன்ற கல்லூரி ஆஸ்பத்திரிகளை நாடலாம். அங்கே மேற்படிப்பு மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் செய்கிறார்கள்; செலவு குறைவு, காத்திருக்கும் பொறுமை மட்டும் அதிகம் வேண்டும். முதல் நாளன்று எக்ஸ்ரே எடுத்து, பல் வரிசைக்கு அச்சும் எடுத்து, சொத்தை இருந்தால் அடைத்து, பற்களைச் சுத்தம் செய்த பிறகே கம்பியைப் பற்றிப் பேச்சு வர வேண்டும். இவற்றைச் செய்யாமல் விலைப் பட்டியலை நீட்டும் இடத்திலிருந்து நமஸ்காரம் செய்துவிட்டு வெளியே வருவது உத்தமம்.

இப்போது அந்த மூன்று தினுசுகளுக்கு வருவோம். ஒரு காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை மாட்டுவார்கள்; அதுவும் தங்கக் கலப்பில்! நம்மவர்க்கு ஆட்சேபம் இருந்திராது. 1955-ல் மைக்கேல் புவனகோர் என்பவர், பல்லின் மேற்பூச்சை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பசை இறுகப் பிடிக்கும் என்று காட்டினார். அதன் பயனாகப் பட்டைகள் போய், பல்லின் முகத்தில் ஒட்டும் சிறு கிளிப்புகள் வந்தன. கப்பற்படை ஆராய்ச்சிச் சாலையொன்றில் பிறந்த நிக்கல் டைட்டானியக் கலவை, 1970-களில் பல் கம்பியாயிற்று. வளைத்தாலும் பழைய வடிவுக்கே மெல்ல மெல்லத் திரும்பும் குணம் அதற்கு உண்டு. முதல் மாதங்களில் இந்தக் கம்பியே இதமாக வேலை செய்கிறது. கவரிங் நகை போட்டால் தோல் தடித்து அரிப்பவர்கள், நிக்கல் ஒவ்வாமை இருக்கலாமென்று வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உலோகக் கிளிப்பு பார்வைக்குப் பகட்டாயிருந்தாலும் உறுதியானது, விலை குறைந்தது, எல்லாவிதக் கோணலுக்கும் ஏற்றது. பீங்கான் கிளிப்பு பல்லின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எளிதில் உடையும். அது பல்லின் மேற்பூச்சைவிடக் கடினமாதலால் கீழ் வரிசையில் போட்டால் மேல் பல் அதில் உரசித் தேயக்கூடும். அத்துடன், அதைக் கட்டும் வெள்ளை ரப்பர் வளையங்கள் சாம்பார் மஞ்சளை ஒரே நாளில் ஏற்றுக் கொள்ளும். அடுத்த முறை வளையம் மாற்றும் வரை பல் வரிசைக்கு மஞ்சள் குளித்த அலங்காரந்தான்! தாமே பூட்டிக் கொள்ளும் கிளிப்பு என்று ஒரு வகையை, சிகிச்சைக் காலத்தைக் குறைக்கும் என்று புகழ்கிறார்கள். ஆராய்ச்சிகள் அதற்குச் சான்று தரவில்லை.

மூன்றாவது அலைனர் எனப்படும் கண்ணாடி உறை. 1997-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி ஒன்று இதனைப் பரவச் செய்தது. உறைகளை ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதைக் குடிக்கும்போதும் கழற்றிவிட வேண்டும். மணிக்கொரு காபி என்று வாழும் குடும்பத்தில் இது எவ்வளவு நேரம் வாயில் தங்கும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பொறுப்புள்ள பெரியவருக்கு, சிறு கோணலுக்கு, இது நல்ல சாதனம். 13 வயதுப் பெண்ணுக்கு, பற்கள் நெருங்கி எடுப்பாகவும் இருக்கும்போது, நாம் உலோகக் கிளிப்பையே சொல்வோம். கழற்ற முடியாதது என்பதே அதன் பெரிய குணம். வைத்தியரைக் காணாமலே தபாலில் உறை வரவழைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் அவ்விதம் விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற கம்பெனி 2023 டிசம்பரில் கதவை மூடியபோது, பாதிச் சிகிச்சையில் நின்றவர்கள் பலர்.

தர்மபுரி போன்று தண்ணீரில் புளோரைடு மிகுந்த இடங்களில் வளர்ந்து பல் பழுப்பேறியவர்களுக்குக் கிளிப்பு அடிக்கடி கழன்று விழக்கூடும். வைத்தியர் அதற்கேற்ப ஒட்டுவார்.

கம்பி போடும்போது வலி இல்லை. போட்ட சில மணி நேரத்தில் தொடங்கி, மறுநாள் உச்சமடைந்து, ஒரு வாரத்தில் அடங்கும். அந்த நாட்களில் தயிர் சாதமும், குழைந்த பொங்கலும், இட்லியுமே உணவாகட்டும். கன்னத்தில் குத்தும் இடத்தில் வைத்தியர் தரும் மெழுகை உருட்டி ஒட்டலாம். பிறகு நாலு முதல் எட்டு வாரத்துக்கொரு முறை செல்ல வேண்டியிருக்கும். முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு ஆகியவற்றுக்கு இரண்டு தீபாவளி விடுமுறை. மாங்காயைக் கடிக்காமல் துருவித் தின்னலாம். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பல் துலக்காவிட்டால், கிளிப்பைச் சுற்றி வெண்திட்டுகள் விழும். கம்பியைக் கழற்றிய நாளில் பல் வரிசை நேராகவும் புள்ளி புள்ளியாகவும் இருக்கும். அந்த வெண்திட்டு சொத்தையின் முதற்படி.

கழற்றிய நாளில் எல்லாம் முடிந்ததென்று தேங்காய் உடைத்துவிட வேண்டாம். பல்லைப் பற்றியிருக்கும் நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும் சுபாவமுடையவை. ஆகவே ரிட்டெய்னர் என்ற தாங்கியை முதலில் இரவும் பகலும், பின்னர் ஆண்டுக்கணக்கில் இரவு மட்டும் மாட்ட வேண்டும். சிலருக்குப் பல்லின் உட்பக்கத்தில் மெல்லிய கம்பியாக ஒட்டியும் வைப்பார்கள். கழற்றும் வகையானால் அதற்கென ஒரு டப்பியை எப்போதும் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். விருந்துக்குப் போன இடத்தில் கழற்றி இலையோரம் வைத்துவிட்டு எழுந்தால், இலையோடு சேர்ந்து அதுவும் குப்பைக்குப் போய்விடும். மறுபடி அச்செடுத்துச் செய்து வருவதற்குள் பற்களும் சற்று நகர்ந்திருக்கும்.